டோயிக் வாசிப்புப் பிரிவில் கடைசி 20 வினாக்கள் ஏன் விடுபடுகின்றன?

கேள்வி: பதவி உயர்வுக்காக டோயிக் (TOEIC) என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் மொத்தம் 700 மதிப்பெண் பெற வேண்டும் என்று எங்கள் நிறுவனம் சொல்கிறது. சென்ற முறை எழுதியபோது கேட்டல் பிரிவில் 360-உம் வாசிப்புப் பிரிவில் 245-உம் கிடைத்தன. பல மாதங்களாக இலக்கண நூலைப் படித்து வருகிறேன். ஆனாலும் வாசிப்புப் பிரிவின் கடைசி 20 வினாக்களைத் தொடக்கூட நேரம் கிடைக்கவில்லை. தவறாகக் குறித்தால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள் என்று அஞ்சி அவற்றை வெறுமையாக விட்டுவிட்டேன். ஒரு பயிற்சி மையத்தார் தேர்வில் வரப்போகும் அசல் வினாக்களையே தருவதாகவும், 700 மதிப்பெண்ணுக்கு உத்தரவாதம் என்றும் சொல்லிப் பெருந்தொகை கேட்கிறார்கள். சேரலாமா?

பதில்: உங்கள் அச்சத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். டோயிக் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது கிடையாது. சரியான விடைகளை மட்டும் எண்ணி, அந்த எண்ணிக்கையை 5 முதல் 495 வரையிலான அளவுக்கு மாற்றித்தான் ஒவ்வொரு பிரிவுக்கும் மதிப்பெண் தருகிறார்கள். நீங்கள் விட்டுவந்த 20 வினாக்களிலும் படிக்காமலே ஏதோ ஓர் எழுத்தைக் குறித்திருந்தால், நான்கு தெரிவுகளில் ஒன்று சரி என்ற கணக்கில், சராசரியாக ஐந்து விடைகள் சரியாக அமைந்திருக்கும். தேர்வு முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது விடைத்தாளில் ஒரு வினாவுக்குக்கூட வட்டம் நிரப்பப்படாமல் இருக்கக் கூடாது. இந்த எளிய விதியை யாரும் உங்களுக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு வருத்தம் தருகிறது.

உங்களுடைய குறை இலக்கணத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அது நேரத்தைப் பங்கிடுவதில் இருக்கிறது. வாசிப்புப் பிரிவு 75 நிமிடங்களில் 100 வினாக்களைக் கொண்டது. கேட்டல் பிரிவின் நான்கு பகுதிகளையும் 100 வினாக்களையும் தொடர்ந்து வருவதால், இதன் பகுதிகள் ஐந்திலிருந்தும் வினா எண்கள் 101-இலிருந்தும் தொடங்கும். ஐந்தாம் பகுதியில் விடுபட்ட சொல்லை நிரப்பும் தனி வாக்கியங்கள் 30 வரும். ஆறாம் பகுதியில் சிறு பத்திகளுக்குள் நிரப்பும் இடங்கள் 16 இருக்கும். எஞ்சிய 54 வினாக்களும் ஏழாம் பகுதியில், அதாவது மின்னஞ்சல், அறிவிப்பு, விளம்பரம், கட்டுரை போன்றவற்றைப் படித்து விடையளிக்கும் பகுதியில் உள்ளன. இந்தப் பிரிவின் வினாக்களில் பாதிக்கு மேல் ஆவணங்களைப் படிப்பதில்தான் இருக்கின்றன என்பது இதிலிருந்தே தெரியும். முதல் 46 வினாக்களிலும் கணிசமானவை சொல்லின் பொருளைக் கேட்பவை. அவற்றுக்கு இலக்கண நூல் உதவாது. அப்படியிருந்தும் பயிற்சி மையங்கள் இலக்கணத்தையே மாதக்கணக்கில் நடத்துகின்றன, ஏனென்றால் அதைக் கரும்பலகையில் எழுதிப்போடுவது எளிது, ஒருவரை வேகமாகப் படிக்கப் பழக்குவது கடினம்.

ஐந்தாம் பகுதிக்குப் பத்து நிமிடம், ஆறாம் பகுதிக்குப் பத்து நிமிடம், ஏழாம் பகுதிக்கு ஐம்பத்தைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் பகுதியில் ஒரு வினாவுக்கு 20 நொடிதான் கிடைக்கும். அது போதும், ஆனால் எல்லா வாக்கியங்களையும் முதற்சொல் முதல் முற்றுப்புள்ளி வரை படிக்கிற பழக்கத்தை விட வேண்டும். முதலில் நான்கு தெரிவுகளைப் பாருங்கள். நான்கும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தவையாக இருந்தால், கேட்கப்படுவது சொல்லின் வடிவம் மட்டுமே. வெற்றிடத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் சில சொற்களைப் பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். நான்கும் வெவ்வேறு சொற்களாக இருந்தால் மட்டும் வாக்கியம் முழுவதையும் படியுங்கள். ‘ஆல்தோ’, ‘டிஸ்பைட்’ போன்றவை ஒன்றாகத் தெரிவுகளில் வந்தால், வெற்றிடத்துக்குப் பின்னால் எழுவாயும் வினையும் கொண்ட முழுத் தொடர் இருக்கிறதா, வெறும் பெயர்த்தொடர் இருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்; முழுத் தொடர் என்றால் ‘ஆல்தோ’, பெயர்த்தொடர் என்றால் ‘டிஸ்பைட்’. ‘பிகாஸ்’ என்பதற்கும் ‘பிகாஸ் ஆஃப்’ என்பதற்கும், ‘வைல்’ என்பதற்கும் ‘ட்யூரிங்’ என்பதற்கும் இதே சோதனை பொருந்தும்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நன்றாகப் படித்தவர்களையும் அது ஏமாற்றுகிறது. ‘லி’ என்று முடியும் சொல் வினையடை, அது பெயர்ச்சொல்லுக்கு முன் வராது என்று எல்லா மையங்களிலும் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். ‘குயிக்லி’, ‘கேர்ஃபுல்லி’ ஆகியவற்றுக்கு அது சரி. ஆனால் ‘டைம்லி’, ‘காஸ்ட்லி’, ‘ஃபிரெண்ட்லி’, ‘ஆர்டர்லி’ ஆகியவை பெயரடைகளாகவே வருகின்றன. ‘இன் எ ... மேனர்’ என்று வெற்றிடம் விட்டு, தெரிவுகளில் ‘டைம்’, ‘டைமர்’, ‘டைம்ஸ்’, ‘டைம்லி’ என்று கொடுத்திருந்தால், விதியை மட்டும் நம்பியவர் சரியான விடையான ‘டைம்லி’யை முதலிலேயே நீக்கிவிடுவார். இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ‘லி’யை நீக்கிப் பாருங்கள். எஞ்சுவது ‘டைம்’, ‘காஸ்ட்’, ‘ஃபிரெண்ட்’ போன்ற பெயர்ச்சொல்லாக இருந்தால், முழுச்சொல் பெரும்பாலும் பெயரடை. எஞ்சுவது ‘குயிக்’, ‘கேர்ஃபுல்’ போன்ற பெயரடையாக இருந்தால், முழுச்சொல் வினையடை. இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘தி ... ரினவேட்டட் ஆஃபீஸ்’ என்று வந்தால், தொடரின் கடைசியில் பெயர்ச்சொல் இருப்பதைப் பார்த்து அவசரமாகப் பெயரடையைத் தேடக் கூடாது. வெற்றிடத்தை அடுத்து நிற்பது ‘ரினவேட்டட்’ என்ற பெயரடை; அதை விளக்க வினையடைதான் வேண்டும், ஆகவே ‘ரீசன்ட்லி’ என்பதே சரி. வெற்றிடத்துக்கு அடுத்த சொல் எது என்று பாருங்கள், தொடரின் கடைசிச் சொல்லைப் பார்க்காதீர்கள்.

ஆறாம் பகுதியில் ஒவ்வொரு பத்தியிலும் ஒரு முழு வாக்கியத்தையே நிரப்பச் சொல்லும் வினா உண்டு. அதை அந்தப் பத்தியின் மற்ற மூன்று வினாக்களையும் முடித்த பிறகு பாருங்கள். அதற்குள் பத்தியின் போக்கு உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்தப் பகுதியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஏழாம் பகுதியில் 147 முதல் 175 வரையிலான வினாக்கள் தனிப் பத்திகளைச் சார்ந்தவை. 176 முதல் 185 வரை இரண்டிரண்டு ஆவணங்களையும், 186 முதல் 200 வரை மூன்று மூன்று ஆவணங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கடைசி 15 வினாக்கள்தான் மிகக் கடினமானவை என்று பலர் எண்ணுகிறார்கள், அது உண்மையன்று. அந்த மூன்று ஆவணங்களில் ஒன்று பெரும்பாலும் விலைப்பட்டியலாகவோ நிகழ்ச்சி நிரலாகவோ சிறு படிவமாகவோ இருக்கும், அதைப் படிக்க அரை நிமிடம்கூட ஆகாது. நீங்கள் தொடாமல் விட்ட வினாக்களில் மிக எளியவையும் இருந்திருக்கும் என்பதை உறுதியாகச் சொல்வேன். இத்தொகுதிகளில் ஒரு வினாவாவது இரண்டு ஆவணங்களை இணைத்தால்தான் விடை தரும். மின்னஞ்சலில் ஒருவர் எந்தக் கிழமையில் வருவதாகச் சொல்கிறார் என்பதையும், அட்டவணையில் அந்தக் கிழமைக்கு என்ன நிகழ்ச்சி என்பதையும் சேர்த்துப் பார்ப்பது போன்ற வேலை அது. தேதி, பெயர், தொகை ஆகியவை இரண்டு ஆவணங்களிலும் எங்கே சந்திக்கின்றன என்று தேடினால் விடை அங்கேயே இருக்கும்.

தனிப் பத்திகளில் வினாவை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குச் செல்லுங்கள். சரியான விடை பத்தியிலுள்ள சொற்களை அப்படியே திருப்பிச் சொல்வது அரிது, அது வேறு சொற்களில் அதே பொருளைச் சொல்லும். பத்தியின் சொல்லை அப்படியே தாங்கி நிற்கும் தெரிவைத்தான் சந்தேகிக்க வேண்டும். ‘குறிப்பிடப்படாதது எது’ என்ற வகை வினாவுக்கு நான்கு தெரிவுகளையும் தனித்தனியே சரிபார்க்க நேரிடும் என்பதால், அந்தத் தொகுதியின் மற்ற வினாக்களை முடித்துவிட்டு அதற்கு வாருங்கள். ஒரு சொல்லின் பொருளைக் கேட்டால், உங்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் பொருளை நம்பாமல், ஒவ்வொரு தெரிவையும் அந்த வாக்கியத்தில் பொருத்திப் பார்த்து முடிவு செய்யுங்கள். பென்சிலால் அடிக்கோடிட்டுக்கொண்டே படியுங்கள் என்று சிலர் கற்பிக்கிறார்கள். வினாத்தாளில் குறியிடுவதை இந்தத் தேர்வில் விதிமீறலாகவே கொள்வார்கள் என்பதால், அந்தப் பழக்கத்தை வீட்டுப் பயிற்சியிலேயே விட்டுவிடுங்கள்.

இனி அந்தப் பயிற்சி மையத்துக்கு வருகிறேன். தயவுசெய்து அங்கே சேராதீர்கள். ‘அசல் வினாக்கள்’ என்று விற்கப்படுபவை மூன்று வகையில் ஒன்றாகத்தான் இருக்கும்: பழைய பயிற்சி நூல்களிலிருந்து படியெடுத்தவை, தேர்வெழுதியவர்கள் நினைவிலிருந்து சொன்ன அரைகுறைக் குறிப்புகள், அல்லது உண்மையாகவே திருடப்பட்டவை. முதல் இரண்டுக்கும் பணம் கொடுப்பது வீண். மூன்றாவது, உங்கள் மதிப்பெண்ணையே ரத்துசெய்யக் காரணமாகலாம், அப்போது அந்த மையத்தார் உங்களுக்காக வந்து நிற்க மாட்டார்கள். 700 உறுதி என்பவரிடம், அது கிடைக்காவிட்டால் முழுத் தொகையும் திரும்ப வரும் என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பேச்சு உடனே மாறும்.

2014-இல் பிரிட்டனில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே சில தேர்வு மையங்களில் முகவர்கள் ஆள் மாற்றித் தேர்வெழுத வைத்ததையும், விடைகளை உரக்கப் படித்துக் காட்டியதையும் பிபிசி தொலைக்காட்சி மறைவாகப் படம்பிடித்து ஒளிபரப்பியது. அது இதே டோயிக் தேர்வு. அதைத் தொடர்ந்து அந்நாட்டு அரசு விசாவுக்கு அத்தேர்வை ஏற்பதை நிறுத்தியது; ஆயிரக்கணக்கான மாணவர்களின் விசா ரத்தானது. அவர்களில் குற்றமற்றவர்களும் இருந்தார்கள், தங்கள் நேர்மையை நிரூபிக்கப் பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் அலைந்தார்கள். பணம் வாங்கியவர்கள் ஒதுங்கிக்கொள்ள, சந்தேகத்தின் சுமை முழுவதும் தேர்வெழுதியவர்கள் தலையில் விழுந்தது. தேர்வு நடத்துபவர்களும் அரசுகளும் தங்கள் மேற்பார்வைக் குறைக்கு மாணவரைப் பொறுப்பாக்குவதை என்னால் ஒருபோதும் ஏற்க முடியவில்லை. முகவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வதற்கு இதுதான் காரணம். தங்களுக்குத் தரகு கிடைக்கும் தேர்வில் உங்களைப் பதிவு செய்துவிடும் முகவர்களும் இருக்கிறார்கள். வேலைக்குப் போதுமான டோயிக் மதிப்பெண்ணைப் பல பல்கலைக்கழகங்களும் குடியேற்ற அலுவலகங்களும் ஏற்பதில்லை, அவை ஐஎல்ட்ஸ், டோஃபல் போன்ற வேறு ஆங்கிலத் தேர்வுகளைக் கேட்கின்றன. கேட்கும் நிறுவனத்திடமே எழுத்தில் உறுதி பெறாமல் எந்தத் தேர்வுக்கும் கட்டணம் செலுத்தாதீர்கள்.

பயிற்சிக்குத் தேர்வை உருவாக்கும் இடிஎஸ் நிறுவனத்தின் அதிகாரபூர்வ மாதிரித் தேர்வுகளை வாங்குங்கள், மற்றவர்கள் எழுதும் வினாக்களில், தவறான தெரிவுகளில் நம்மைச் சிக்கவைக்கும் பொறிகளின் தன்மை மாறிப்போகிறது. வாரம் ஒரு முறை 75 நிமிடமும் இடைவிடாமல் உட்கார்ந்து, விடைத்தாளில் வட்டம் நிரப்புவது உட்பட, ஒரு முழு வாசிப்புப் பிரிவை எழுதுங்கள். வட்டம் நிரப்பத் தனி நேரம் தர மாட்டார்கள். பிறகு தவறுகளை, தெரியாமல் போனவை, தெரிந்தும் அவசரத்தில் தவறவிட்டவை, நேரமின்றித் தொடாதவை என்று பிரித்துப் பாருங்கள். உங்கள் நிலையில் இலக்கண நூலைத் திறக்க வேண்டியது முதல் வகைக்கு மட்டுமே.

சென்ற முறை வந்த மதிப்பெண் அறிக்கையையும் தேடி எடுங்கள். எந்தெந்த வினாக்கள் தவறின என்று அதில் இருக்காது. கட்டணம் வாங்கிக்கொண்டு அதைக்கூடக் காட்டாத முறையின் மீது எனக்குக் கோபம் உண்டு. ஆனாலும் இலக்கணம், சொல்வளம், பத்தியில் தகவல் தேடுதல், ஊகித்தல், ஆவணங்களை இணைத்தல் ஆகிய ஒவ்வொன்றிலும் எத்தனை விழுக்காடு பெற்றீர்கள் என்று அதில் இருக்கும். இலக்கண விழுக்காடு மற்றவற்றைவிட உயர்ந்திருந்தால் அந்த நூலை மூடிவைத்துவிட்டு அந்த நேரத்தை ஏழாம் பகுதிக்குக் கொடுங்கள்.

கடைசியாக, உங்கள் நிறுவனம் கேட்பது மொத்தம் 700 மட்டுமா, ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் குறைந்தபட்சம் உண்டா என்பதை மனிதவளத் துறையிடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். மொத்தம் மட்டும்தான் என்றால், உங்களுக்குத் தேவை 95 மதிப்பெண். அதில் 25 அல்லது 30-ஐக் கேட்டல் பிரிவில் ஈட்டிக்கொள்ளலாம், வாசிப்பில் 315 அல்லது 310 போதும்.