வைல்ட்கேட் தோட்டாவுக்கு எந்த உறை?

கேள்வி: .30-06 துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை உறையை எடுத்து, அதன் கழுத்தைச் சுருக்கி 6.5-06 என்ற வைல்ட்கேட் (இருக்கும் உறையை உருமாற்றி நாமே செய்யும்) தோட்டா செய்கிறேன். எல்லா பிராண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. மலிவானதே போதாதா?

பதில்: கலவையில் பெரிய வித்தியாசம் இல்லை, 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். வித்தியாசம் சுவரின் தடிமனில். பத்து உறைகளை எடுத்து, உருண்டை முனை மைக்ரோமீட்டரால் கழுத்தைச் சுற்றி நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். ஒரே உறையில் கூடுதல், குறைவு இரண்டுக்கும் இடையே 0.04 மி.மீ.க்குள் இருந்தால் நல்ல சரக்கு. 0.08-ஐத் தாண்டினால் வேண்டாம். கழுத்தைக் கடைந்து சமன்செய்துவிடலாமே என்பீர்கள். கழுத்து ஒருபக்கம் தடித்திருந்தால் உடம்புச் சுவரும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். அங்கே கடைய வழியில்லை. லபுவா, நார்மா பிராண்டு உறைகளுக்குக் கூடுதல் காசு கொடுப்பது இந்தச் சீருக்காகத்தான்.

கழுத்தைச் சுருக்கினால் சுவர் தடிக்கும். குண்டு பொருத்திய பிறகு கழுத்தின் வெளிவிட்டத்தை அளங்கள். சேம்பரின் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின்) கழுத்து அதைவிடக் குறைந்தது 0.05 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும். வேட்டைத் துப்பாக்கிக்கு 0.08 முதல் 0.1 வரை நல்லது. இடமில்லாவிட்டால் கழுத்து விரிந்து குண்டை விடாது, அழுத்தம் எகிறும். கழுத்தை விரிப்பவர்களுக்கு வேறு தொல்லை: பழைய தோளின் தடித்த பித்தளை கழுத்துக்குள் வந்து உள்வளையமாக நிற்கும். குண்டின் அடி அந்த வளையத்தைத் தொடாதபடி பொருத்துங்கள், அல்லது ரீமரால் (உட்புறம் செதுக்கும் கருவியால்) எடுத்துவிடுங்கள்.

பேரலின் ஆயுளுக்குத் தேவையான உறைகளை ஒரே லாட்டில் (தயாரிப்புத் தொகுதியில்) வாங்கிவிடுங்கள். லாட் மாறினால் உட்கொள்ளளவு மாறும். வெடிமருந்தைக் குறைத்துத்தான் மீண்டும் தொடங்க வேண்டும்.

கேள்வி: டையில் (உறைக்கு வடிவம் தரும் அச்சில்) அழுத்தும்போதே சில கழுத்துகள் வெடிக்கின்றன. உறை மட்டமா?

பதில்: அவசியமில்லை. வளைக்க வளைக்கப் பித்தளை இறுகும். கழுத்தையும் தோளையும் சுமார் 400 டிகிரி செல்சியஸில் சில விநாடி காட்டினால் இளகும். அடிப்பாகத்துக்குச் சூடு ஏறக் கூடாது. அது இளகினால் அழுத்தம் தாங்காது, உறை அடியில் பிய்ந்துவிடும். புது உறையின் கழுத்தில் தெரியும் நீலம் கலந்த பழுப்பு நிறம் அனீலிங்கின் (இப்படிச் சூடாக்கி இளக்குவதன்) அடையாளம், குறையல்ல. பளபளப்புக்காகச் சிலர் அதைத் தேய்த்துவிட்டு விற்கிறார்கள். அம்மோனியா கலந்த பாலிஷ் மட்டும் வேண்டாம். இறுகிய பித்தளையை அது விரிசல்விட வைக்கும். குதிரை லாயத்தருகே வைத்த ராணுவத் தோட்டாக்கள் ஒருகாலத்தில் மழைக்காலத்தில் விரிசல்விட்டதற்குக் காரணம் லாயத்திலிருந்து வந்த அம்மோனியாதான்.

கேள்வி: சுடப்பட்ட ராணுவ உறைகளைப் பயன்படுத்தலாமா?

பதில்: பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) உட்காரும் குழியின் விளிம்பை அமுக்கியிருப்பார்கள், அதை முதலில் வழித்தெடுக்க வேண்டும். சுவர் பெரும்பாலும் தடிப்பாக இருப்பதால் உள்ளிடம் குறைவு, அதே மருந்துக்கு அழுத்தம் கூடும். மற்ற உறைகளோடு கலக்காதீர்கள். புதுப் பிரைமர் விரலால் தள்ளினாலே இறங்கினால், அந்த உறை குப்பைக்கு.