பைன் மரமும் பறிபோன டாலரும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பைன் மரத்தின் தண்டைப் புழு துளைக்கிறது. மண்ணில் ஊற்றும் இமிடாக்ளோப்ரிட் என்ற பூச்சிமருந்து வாங்கிவிட்டேன். எவ்வளவு ஊற்ற வேண்டும்? (இண்டியானா)

பதில்: ஊற்றாதீர்கள், தண்டு துளைக்கும் இந்தப் புழுவுக்கு அது கேட்காது, பிரிக்காத டப்பா என்றால் இன்றே திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் ஆஸ்திரியப் பைன்களில் கிளை பிரியும் இடமெல்லாம் பிசின் கட்டி. ஜூன் மாதம் ஒரு கம்பெனி தண்டில் மருந்தடித்து 280 டாலர் வாங்கியது. இந்த வருஷமும் வடிகிறது. (நேப்பர்வில், இல்லினாய்)

பதில்: உங்கள் பணத்தை அநியாயமாகப் பிடுங்கியிருக்கிறார்கள். இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. இது ஜிம்மர்மேன் பைன் அந்துப்பூச்சியின் வேலை. ஆகஸ்டில் பட்டை இடுக்கில் முட்டையிடும். பொரித்த குட்டிப் புழு பட்டைச் செதிலுக்கு அடியில் பனிக்காலம் முழுக்கப் படுத்திருந்து, ஏப்ரலில் கிளம்பி, கணுவில் துளை போட்டு உள்ளே போய்விடும். ஜூனில் அது மரத்துக்குள்ளே இருக்கிறது. வெளியே அடித்த மருந்து எப்படி எட்டும்? பெர்மெத்ரினோ பைஃபென்த்ரினோ, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டிலும் தண்டு நனைய அடித்தால்தான் பலன். மருந்தடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாதா? பில்லில் தேதியும் மருந்தின் பெயரும் இருக்கும். அதைக் காட்டி எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மசியவில்லை என்றால் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுங்கள். விடாதீர்கள்.

கேள்வி: நர்சரியில் பாதி விலை என்றார்கள். போனிலேயே சொல்லி நான்கு ஸ்காட்ச் பைன் எடுத்தேன். ஒன்று காற்றில் முறிந்துவிட்டது. ரசீது இல்லை. (மிச்சிகன்)

பதில்: மரத்தையும் பார்க்கவில்லை, ரசீதும் வாங்கவில்லை. அப்புறம் என்னிடம் கேட்டு என்ன செய்ய? கார்டில் கட்டியிருந்தால் ஸ்டேட்மென்டோடு போய்க் கேளுங்கள். ரொக்கம் என்றால் வழியில்லை.

கேள்வி: பைன் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? (இல்லினாய்)

பதில்: கணுக்களைப் பாருங்கள். நான் ஆறடி ஆஸ்திரியப் பைன் வாங்கியபோது ஒரு கணுவில் கோலிக்குண்டு அளவில் பிசின் இருந்தது. "கிளை வெட்டின காயம்" என்றார் நர்சரிக்காரர், நம்பினேன். அடுத்த வசந்தத்தில் சரியாக அந்தக் கணுவில் முறிந்தது. முறிந்த இடத்தில் புழு குடைந்த பாதை, உள்ளே பழுப்புத் தூள். பிசினோடு மரத்தூள் கலந்திருந்தால் அது வெட்டுக்காயம் இல்லை. அந்த மரத்தை வண்டியில் ஏற்றாதீர்கள். பைன்தான் வேண்டும் என்றில்லையே, கான்கலர் ஃபர் என்ற ஊசியிலை மரத்தைக் கேட்டுப் பாருங்கள்.