வலு இருந்தும் அசைவு ஏன் தயங்குகிறது? பார்க்கின்சன் நோய் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: டாக்டர், அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். கைப்பிடியில் வலு நன்றாகவே இருக்கிறது. ஆனால் சட்டைப் பொத்தான் போடக் கால் மணி நேரம் ஆகிறது. இது சோம்பலா, நோயா?

பதில்: நோயேதான். அவருடைய தசைகளிலும் தசைகளுக்குச் செல்லும் நரம்புகளிலும் பழுதில்லை. பழுது, மூளையின் ஆழத்தில் பேசல் கேங்க்லியா எனப்படும் நரம்பணுத் திரள்களில் இருக்கிறது. அசைவுக்கான செய்திகளை மூளையின் மேற்பரப்புக்கு அனுப்பும் தாலமஸ் என்ற பகுதியை இவை எப்போதும் அடக்கியே வைத்திருக்கும். நாம் ஓர் அசைவை நாடும்போது, அந்த அசைவுக்கு மட்டும் பிடி தளர்கிறது, வேண்டாத அசைவுகளுக்கு இறுகுகிறது. தளர்த்தும் பாதைக்கு நேர்வழி என்றும் இறுக்கும் பாதைக்கு மறைமுக வழி என்றும் பெயர். சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கரிய பகுதியின் அணுக்கள் அனுப்பும் டோபமின் என்ற வேதிப்பொருள், பேசல் கேங்க்லியாவின் நுழைவாயிலான ஸ்ட்ரையேட்டத்தில், தன்னைப் பற்றிக்கொள்ளும் டி1 ஏற்பிகள் வழியாக நேர்வழியை ஊக்கி, டி2 ஏற்பிகள் வழியாக மறைமுக வழியைத் தணிக்கிறது. அந்த அணுக்கள் மடிய மடிய, நேர்வழி தளர்ந்து, மறைமுக வழி ஓங்கி, பிடி விடாமல் இறுகிப்போகிறது.

இந்த விளக்கம் 1990ஐ ஒட்டி உருவானது. அசைவு தொடங்கும்போது இரு வழிகளும் சேர்ந்தே இயங்குகின்றன என்று 2013இல் எலிகளில் செய்த ஆய்வு காட்டியதால், ஒன்று முடுக்கி, மற்றது தடை என்று மட்டும் எண்ணிவிட முடியாது. ஆயினும் உங்கள் அப்பாவின் நிலையைப் புரிந்துகொள்ள இது போதும். துளையைத் தேடுவது, பொத்தானைச் சாய்ப்பது, நுழைப்பது, இழுப்பது என ஒவ்வொரு சிற்றசைவுக்கும் அவர் தனித்தனியாக அனுமதி பெற வேண்டியிருக்கிறது. தயவுசெய்து அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

கேள்வி: நடுக்கம் இல்லாமலும் இந்நோய் வருமா?

பதில்: வரும். அசைவில் மந்தமே முதன்மை அடையாளம்; அதனோடு விறைப்போ நடுக்கமோ சேர்ந்திருக்கும். கையெழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போவதைக் கவனியுங்கள்.

கேள்வி: அம்மா நிலைவாசலில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறார். ஆனால் மாடிப்படியைத் தடையின்றி ஏறுகிறார். எப்படி?

பதில்: தானாகத் தோன்ற வேண்டிய அசைவுக்கே பேசல் கேங்க்லியாவின் உதவி மிகுதியாகத் தேவை. கண்ணெதிரே படி தெரியும்போது, பார்வையின் வழிகாட்டுதலில் மூளையின் வேறு சுற்றுகள் காலை எடுத்து வைக்க உதவுகின்றன. நிலைவாசலுக்கு முன்னும் பின்னும் ஓர் எட்டு வைக்கும் தூர இடைவெளியில், தரையின் குறுக்கே பளிச்சென்ற நிறத்தில் டேப் ஒட்டி, ஒவ்வொரு கோட்டையும் தாண்டச் சொல்லுங்கள். நின்றுவிட்டவரின் கையைப் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள். உடல் முன்னே வர, பாதம் பின்தங்கி, அவர் விழுந்துவிடுவார்.

கேள்வி: மாத்திரையோடு பூனைக்காலி விதைப்பொடியும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: பூனைக்காலியில் இருப்பதும் மாத்திரையில் உள்ள அதே லெவோடோபாதான். டோபமின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழைந்து, அங்கே டோபமினாக மாறும். பொடியில் அதன் அளவு ஒரே சீராக இராது என்பதால், இரண்டையும் சேர்த்தால் அளவு மிஞ்சி, கட்டுப்படாத நெளிவசைவுகளும் குமட்டலும் வரக்கூடும். மருத்துவரைக் கேளாமல் சேர்க்கவும் வேண்டாம், மாத்திரையைத் திடீரென நிறுத்தவும் வேண்டாம். பருப்பு, முட்டை போன்ற புரத உணவு லெவோடோபாவோடு போட்டியிடும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பாக மாத்திரையைக் கொடுங்கள்.

கேள்வி: மூளையில் மின்முனை பொருத்தினால் நோய் குணமாகுமா?

பதில்: குணமாகாது, அறிகுறிகள் தணியும். மறைமுக வழியிலுள்ள சப்தாலமிக் நியூக்ளியஸ் என்ற சிறு நரம்பணுத் திரளைச் சிதைத்தபோது, பார்க்கின்சன் நிலையிலிருந்த குரங்குகள் மீண்டும் அசைந்ததை 1990இல் பெர்க்மன், விக்மன், டிலாங் ஆகியோர் கண்டனர். அதே இடத்தைச் சிதைக்காமல் மின்தூண்டல் தரும் முறையை 1993இல் பிரான்சின் கிரெனோபிளில் பெனாபிட் குழுவினர் தொடங்கினர். லெவோடோபாவுக்கு இன்னும் நன்றாக இசைந்தும், அதன் பலன் நாள் முழுதும் நிலைக்காமல் ஏறி இறங்குவோருக்கே இது பொருந்தும். மருந்துக்கு இசையாத தள்ளாட்டமோ மறதியோ இதனால் சரியாகாது.