சேகரக் கமிட்டிக்கு நான் நிற்கலாமா, அக்கா?

கேள்வி: எங்கள் சபைகளின் நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டித் தேர்தலில் என்னை நிற்கச் சொல்லி பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கேட்கிறார்கள். பி.காம். படித்தவள், கணக்கு எழுதத் தெரியும், எனக்கும் ஆசைதான். ஆனால் வீட்டுக்காரர், "ஸ்திரீ அமைதலாயிருக்கணும்னு பவுல் எழுதியிருக்காரு, ஆம்பளையளுக்கு மேல போய் உக்காரப் போறியா?" என்கிறார். அத்தையும் அவர் பக்கம்தான். மீறி நின்றால் பாவமா, அக்கா?
- பெயர் வேண்டாம், நாசரேத் பக்கம்

பதில்: தங்கச்சி, முதலில் என் அம்மாவின் கலயத்தைப் பற்றிச் சொல்கிறேன். எங்களுக்குச் சாயர்புரம் பக்கம் ஒரு கிராமம். உலையில் அரிசி போடும் முன்னால் ஒரு பிடி எடுத்து, கோவில் காணிக்கைக்கென்று அடுப்படி மண்கலயத்தில் போட்டுவிட்டுத்தான் அம்மா மற்றதைக் களைவாள். கஞ்சிக்கே இழுபறியான நாளிலும் அந்தப் பிடி சிறுத்ததில்லை. தன் பங்கைத்தான் குறைத்துக்கொள்வாள். ஒரு வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகை முடிந்ததும், "அரிசி வித்த ரூவா எவ்வளவுங்கய்யா?" என்று கேட்டுவிட்டாள். கமிட்டிப் பெரியவர் ஒருவர், "ஒனக்கு எதுக்குக் கணக்கு, போயி புள்ளையளப் பாரு" என்றார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீடு வரைக்கும் அம்மா வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையிலும் கலயத்தில் பிடி விழுந்தது. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

நில்லுங்கள். பாவமில்லை.

உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் வசனம் பவுல் எழுதிய 1 தீமோத்தேயு நிருபம் 2-ம் அதிகாரத்தில் இருக்கிறது, அதை மழுப்ப மாட்டேன். ஆனால் அதே பவுல்தான் ரோமர் 16-ல் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளைப் பேர் சொல்லி அனுப்பி, எனக்கும் ஆதரவாயிருந்தவள் என்கிறார். பிரசங்கம் பண்ணிய அப்பொல்லோவை அழைத்து வேதத்தை விவரித்துச் சொன்னதில் புருஷன் ஆக்கில்லாவோடு பிரிஸ்கில்லாளும் உண்டு. ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு இவர்களை எங்கே கொண்டுபோய் வைப்பது? கமிட்டியில் உட்காருவதும் ஆண்களை ஆளுவதற்கு இல்லையே, காணிக்கைக்குக் கணக்குச் சொல்வதற்குத்தானே.

பாளையங்கோட்டை சபையின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1778-ல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் வாங்கிய குளோரிந்தா அம்மாள், தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை. அவர் முன்னின்று கட்டிய கோவில் 1785-ல் பிரதிஷ்டையானது. பாப்பாத்தியம்மாள் கோவில் என்றுதான் இன்றும் ஜனங்கள் சொல்கிறார்கள். நம் சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையிலேயே 2013-ல் ஆந்திராவின் நந்தியாலுக்கு ஒரு பெண் பேராயர் வந்துவிட்டார். கமிட்டி நாற்காலிக்கா இத்தனை தயக்கம்?

இனி வீட்டு விஷயம். புருஷன் தலை என்பதை நான் நம்புகிறவள். முப்பத்தாறு வருஷம் அப்படித்தான் குடித்தனம் பண்ணினேன், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் எபேசியர் 5-ஐ 22-ல் தொடங்கி 24-ல் மூடிவிடுகிறோம். மனைவிக்கு அங்கே மூன்றே வசனம். 25-லிருந்து பேச்சு புருஷன் பக்கம் திரும்பி, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்தாற்போல நீயும் கொடு என்று போகிறது. மனைவியைக் கீழ்ப்படிய வை என்று புருஷனுக்கு எங்கேயும் எழுதவில்லை. அவளுக்குச் சொன்னதை அவள் பார்த்துக்கொள்வாள்.

அதனால் அவருக்குத் தெரியாமல் மட்டும் மனு கொடுக்காதீர்கள். சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்து குடும்ப ஜெபத்தில் 21-லிருந்து வாசியுங்கள். "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்று அங்கேதான் தொடங்குகிறது. 25 வந்ததும் வேதப்புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள், அவர் வாயாலேயே வாசிக்கட்டும். அன்றைக்கு வாதாட வேண்டாம். அத்தையிடம் பிடி அரிசி பற்றிக் கேளுங்கள், அவர்களிடமும் ஒரு கலயம் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகும் அவர் மனம் இளகாவிட்டால், "உங்க மேல உள்ள மரியாதை கொறையாது, ஆனா இது ஆண்டவர் குடுத்த வேலைன்னு நெனைக்கேன்" என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டு மனுவைக் கொடுங்கள். ஜெயித்தால் முதல் கூட்டத்திலேயே பிடி அரிசிக் கணக்கைக் கேளுங்கள்.