ஈரோட்டு நண்பருக்கு, ஸ்னேர் டிரம் (அடியில கம்பி கட்டுன டிரம்) விசயமா

ஏனுங்க, யூடியூப்ல கேட்டா மேப்பிள் மரத்து ஸ்னேரைவிட பித்தளை ஸ்னேர்தான் பளிச்சுன்னு இருக்கு, அதையே வாங்கீரலாமான்னு கேட்டிருந்தீங்க, கொஞ்சம் பொறுங்க. ஸ்னேரோட அடிநாதம், அதாவது அதோட கனமான கீழ்ச்சத்தம், பெரும்பாலும் 150லிருந்து 250 ஹெர்ட்ஸ்க்குள்ள வருமுங்க, போன் ஸ்பீக்கர்ல அது பாதி கேக்கவே கேக்காது, போதாததுக்கு மைக்கை தோலுக்குக் கிட்டத்துல வெச்சு கம்ப்ரஸர், ஈக்யூன்னு சத்தத்தை மாத்தறதெல்லாம் போட்டுத்தான் வீடியோவ ஏத்தறாங்க. ஹெட்போன் மாட்டி, ஒரே ஆளு ஒரே ரூம்ல ஒரே தோல் போட்டு ரெண்டையும் அடிக்கற வீடியோவா தேடிப் பாருங்க. நான் வீடியோ பாத்து வாங்குனது எங்கூரு மண்டபத்துல தகரக்கூரைக்கடியில கணகணன்னு ஒரே இரைச்சலுங்க, தோலோரத்துல டேப் ஒட்டி அடிக்கம்பிய கொஞ்சம் இறுக்குனப்பறம்தான் அடங்குச்சு. கோயமுத்தூர் கடைக்கு உங்க குச்சியோடவே போங்க, மெதுவாவும் அடிங்க ஓங்கியும் அடிங்க, கூட வர்றவரு பத்தடி தள்ளி நின்னு கேக்கட்டுமுங்க.