வாசகர் கேள்வி – பதில்: போர்முனை அம்புலன்ஸ்

கேள்வி: முதலாம் உலகப் போரில் வெளிநாட்டு இளைஞர்கள் பிரான்சுக்குப் போய்த் தொண்டர்களாக அம்புலன்ஸ் ஓட்டினார்களாம். அவர்களுக்கு அன்றாடம் என்ன வேலை? முதலுதவி வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.
– ஆசிரியை ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: பாதி வேலை வண்டியைப் பராமரிப்பதுதான். 1915இல் தொடங்கிய 'அமெரிக்கன் ஃபீல்ட் சேர்விஸ்' அமைப்பில் 2,000 பேருக்கு மேல் பிரெஞ்சுப் படைக்காக ஓட்டினார்கள். பலர் பல்கலைக்கழக மாணவர்கள். கப்பல் செலவும் உடுப்பும் அவர்கள் கைக்காசு.

வண்டி ஃபோர்ட் மொடல் டி. பின்னால் பலகைக் கூடு. படுத்தபடி மூன்று பேர்: கீழே இருவர், மேலே ஒருவர். உட்கார்ந்தபடி என்றால் நாலு பேர்.

ஹேண்டில் சுற்றி லேண்ட்மாஸ்டர் ஸ்டார்ட் பண்ணும் நம் வயல்காரருக்கு அந்த வண்டியின் குணம் உடனே விளங்கும். முதலில் ஸ்டியரிங்கின் இடப்பக்க நெம்பை மேலே தள்ளித் தீப்பொறி பிந்தி வரும்படி வைக்க வேண்டும். மறந்தால் ஹேண்டில் திருப்பி அடித்து மணிக்கட்டை முறிக்கும். இடக்கையால், பெருவிரலையும் மற்ற விரல்களின் பக்கமே வைத்துப் பிடித்து, கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், அமுக்கக் கூடாது.

பனிக்காலத்தில் எண்ணெய் இறுகி கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் பிடித்ததும் வண்டி சுற்றுகிறவர் மேலேயே நகர்ந்து வரும். அதனால் ஒரு பின்சில்லை ஜாக்கில் தூக்கிவிட்டே ஸ்டார்ட் பண்ணுவார்கள். ராவில் றேடியேட்டர் தண்ணீரை வடிக்காவிட்டால் அது உறைந்து வெடிக்கும். பெற்றோல் டாங்கி இருக்கைக்குக் கீழே. பம்ப் கிடையாது, பெற்றோல் தானாக வழிந்துதான் எஞ்சினுக்கு வர வேண்டும். டாங்கி குறைந்திருந்தால் செங்குத்து மேட்டில் எஞ்சின் நின்றுவிடும். அப்போது டாங்கி எஞ்சினை விட உயரத்தில் இருக்கும்படி வண்டியைத் திருப்பி, றிவர்ஸில் ஏறுவார்கள்.

1916இல் பிரான்சின் வெர்டன் நகருக்காக நடந்த சண்டையின்போது பார்-லெ-டுக் நகரிலிருந்து வந்த ஒரே பெருவீதியில் மோட்டார் வண்டிகளுக்கு மட்டுமே இடம். உச்ச நேரத்தில் ஏறக்குறைய 14 வினாடிக்கு ஒரு வண்டி. பழுதாகி நின்றதைப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போக்குவரத்தைத் தொடர்ந்தார்கள். போர்முனை கிட்டியதும் இரவில் விளக்குப் போடவும் முடியாது.

உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயத்தைச் செய்து காட்டுங்கள். ஸ்ட்ரெச்சர் தூக்கும்போது முன்னவர் இடக்காலும் பின்னவர் வலக்காலும் எடுத்து வைக்க வேண்டும். இருவரும் ஒரே காலில் நடந்தால் ஸ்ட்ரெச்சர் ஊஞ்சல் மாதிரி ஆடும். முறிந்த எலும்புக்கு அது பெரும் வதை. மற்றது போர்வை. மேலே எத்தனை போர்த்தாலும், கன்வஸ் துணிக்கு அடியிலிருந்து குளிர் ஏறும். முதுகுக்குக் கீழும் மடித்துப் போட வேண்டும். வெள்ளத்தில் நனைந்தவரைத் தூக்கும்போது மட்டக்களப்பிலும் இதே கதைதான்.

கேள்வி: பெண்கள் போனார்களா?
– வாசகி, காரைதீவு

பதில்: போனார்கள். ஸ்கொட்லாந்துப் பெண் வைத்தியர்களைப் பிரித்தானியப் போர் அலுவலகம் ஏற்கவில்லை, பிரான்ஸ் ஏற்றது. பாரிஸுக்கு வடக்கே றோயோமோன் மடாலயத்தில் பெண்களே நடத்திய வைத்தியசாலை 1915 தொடக்கத்திலிருந்து இயங்கியது. தலைமை வைத்தியர் பிரான்சிஸ் ஐவன்ஸ்.

கேள்வி: அந்தப் போரில் சின்னக் காயம்கூட அழுகியது ஏன்?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: மண். தலைமுறை தலைமுறையாகச் சாணமும் எருவும் போட்ட வயல்களில் சண்டை நடந்தது. குண்டுச் சிதறல் அந்த மண்ணையும் உடுப்புத் துண்டையும் சதைக்குள் ஆழமாகக் கொண்டுபோகும். காற்றுப் படாத இடத்தில் கிருமி பெருகும். மேலே தைத்து மூடினால் உள்ளே இன்னும் மோசம்.

பிரான்சின் கொம்பியேன் நகரில் அலெக்சிஸ் கரெல் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், இறந்த சதையை வெட்டி நீக்கி, காயத்தைத் திறந்தே வைத்து, றப்பர் குழாய் வழியாக இரண்டு மணிக்கொரு தடவை டேக்கின் கரைசல் பாய்ச்சினார். அது சுமார் 0.5 வீத சோடியம் ஹைப்போகுளோரைட். செறிவு கூடினால் சதையை எரிக்கும், பழசானால் வலு போய்விடும். வீட்டு பிளீச்சை யாரும் இப்படிப் பாவிக்க வேண்டாம். ஏற்பு வலியைத் தடுக்க 1914 பிற்பகுதியிலிருந்தே ஊசி போட்டார்கள். அந்த நோய் வேகமாகக் குறைந்தது. வயலில் மண்வெட்டி பட்டால் ஓடும் சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய் ஏற்பு ஊசி பற்றிக் கேளுங்கள்.