விட்ட இடத்திலிருந்து: கவிதை பற்றி வாசகர் கேள்விகள்

கல்லூரி நாட்களில் கவியரங்கங்களில் வாசித்திருக்கிறேன். பிறகு கல்யாணம், பிள்ளைகள், தேயிலை பேக்டரியில் கணக்கு வேலை. ரிட்டயர் ஆனபின் நோட்டை எடுத்தால், எழுதுவதெல்லாம் அபத்தமாகத் தெரிகிறது. 63 வயதில் இது தேவையா? கடைசியாக எழுதியது இது:

மழை நாள். நனைந்த கொழுந்து.
மூட்டைக்கு இரண்டு கிலோ
தண்ணீருக்கென்று கழித்தார்கள்.
ஏழையின் கண்ணீருக்கு எடை ஏது?

– ஒரு வாசகி, கோத்தகிரி

உங்கள் சந்தேகம் நான்காவது வரியைப் பொறுத்தவரை நியாயம்தான். மற்ற மூன்றின் மேல் அதை ஏவாதீர்கள்.

முதல் மூன்று வரி எடைச் சீட்டைப் பார்த்தவர் எழுதியவை. நான்காவது, கவியரங்கம் எழுதிய வரி. கைதட்டலுக்காகக் கடைசியில் ஒரு கேள்வியை வீசும் பழக்கத்தைக் கை இன்னும் மறக்கவில்லை. நெடுநாள் கழித்துத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். இடைப்பட்ட காலத்தில் வாசித்து வாசித்துக் காது வளர்ந்துவிட்டது. கையோ விட்ட இடத்திலேயே நிற்கிறது. அந்தக் காதுக்குத்தான் எல்லாம் அபத்தமாகப் படுகிறது.

நான்காவது வரியை அடித்துவிடுங்கள். ‘மழை நாள்’ கூட வேண்டாம். கொழுந்து நனைந்தது என்றாலே மழை வந்துவிட்டது. மிச்சம்:

நனைந்த கொழுந்து.
மூட்டைக்கு இரண்டு கிலோ
தண்ணீருக்கென்று கழித்தார்கள்.

‘இரண்டு கிலோ’வில் மட்டும் கை வைக்காதீர்கள். ‘கொஞ்சம்’ என்று மாற்றினால் கவிதை போய்விடும். கவாத்து (செடியை வெட்டிவிடுவது), வாட்டம் (கொழுந்தை வாட வைப்பது), எடைச் சீட்டு என்று உங்களுக்குத் தெரிந்த சொற்கள் இருபது வயதுக்காரரிடம் கிடையாது. ‘நிலவு’, ‘கனவு’ எல்லாரிடமும் உண்டு.

எழுதும் நாளும் திருத்தும் நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது. நோட்டில் வலப்பக்கம் மட்டும் எழுதி, இடப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். பத்து நாளாவது போகட்டும். பிறகு சத்தமாக வாசித்து, மூச்சு தட்டும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு ‘மிகவும்’ அல்லது ‘அந்த’ உட்கார்ந்திருக்கும். திருத்தம் இடப்பக்கத்தில் வரட்டும். வலப்பக்கத்தை அழிக்காதீர்கள், சில நேரம் முதலில் எழுதியதே சரியாக இருக்கும். யாரிடமாவது காட்டும்போது “நல்லா இருக்கா?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்பதுதான் பதிலாக வரும். “எந்த வரியில் கவனம் விலகியது?” என்று கேளுங்கள். வீட்டாரிடம் முதலில் காட்டாமல் இருப்பது இருவருக்கும் நல்லது.

வெண்பா மறுபடி எழுத ஆசை. தளை தட்டுகிறது. எழுதினாலும் பனி, குறிஞ்சி என்று பழசாகவே வருகிறது.
– ஒரு வாசகர், கொடைக்கானல்

குறள் வெண்பாவில் தொடங்குங்கள், ஏழே சீர். சீர் என்பது அசைகள் சேர்ந்தது. குறிலோ நெடிலோ தனியாக வந்தால் நேர், குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தால் நிரை. இரண்டுக்கும் பின்னால் ஒற்று வரலாம். ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம். மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி. ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் இணைவதுதான் தளை: மாவுக்குப் பின் நிரை, விளத்துக்கும் காய்க்கும் பின் நேர். கனிச்சீர் வரவே கூடாது. ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றாக முடிய வேண்டும். ‘பனிமூடும்’ காய்ச்சீர். அதன்பின் ‘மலையில்’ என்று நிரையில் தொடங்கினால், வெண்பாவுக்கு ஆகாத கலித்தளை புகுந்துவிடும். ‘காலை’ என்றால் தட்டாது. ‘காலை’ மாச்சீர் என்பதால் அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும்: ‘படியிறங்கி’. பழகும் வரை சீருக்குச் சீர் கோடு போட்டு அசை பிரியுங்கள். தளைக்காக ‘தான்’, ‘ஆங்கே’ என்று அடைக்கத் தோன்றினால் சொல்லையே மாற்றுங்கள்.

பழசாக வருவதற்கு யாப்பின் மேல் பழி போட வேண்டாம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 261 அடி. அதில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். ‘வண்ண வண்ணப் பூக்கள்’ என்று அவர் கடந்து போகவில்லை. உங்கள் மலையில் அவர் பார்த்திராத வாட்டில், பைன், யூக்கலிப்டஸ் மரங்கள் நிற்கின்றன. மலைப்பூண்டு விளைகிறது. அவற்றுக்கு வெண்பாவில் இடம் கொடுங்கள். நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்த முறை 2030இல். அதுவரை அதற்கு லீவு விடலாம்.

பழைய கவிதை நோட்டுகளில் பூஞ்சணம். தூக்கிப் போட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, ஊட்டி

போடாதீர்கள். ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம். மை கலங்கிவிடும், பூஞ்சணமும் பரவும். மழையில்லாத நாளில் நிழலில் காற்றாட விரித்து வையுங்கள். நல்ல வெயிலில் காகிதம் நொறுங்கும். நன்றாகக் காய்ந்தபின் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மென்மையான பிரஷால் தட்டுங்கள். பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துவிட்டு, சுவரை ஒட்டாத பீரோவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுடன் வையுங்கள். மழைக்காலத்தில் பாக்கெட்டை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். அந்தக் கவிதைகளை இப்போதே திருத்த உட்காராதீர்கள். புதிதாகப் பத்துப் பன்னிரண்டு எழுதியபின் திறந்து பாருங்கள்.